மோட்டாரைத் திறக்கக் கூடாதாம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ள,

சுகமா இருக்கியா? இங்கே கார் நெல் சாகுபடிக்கு ஆள் இறங்கியாச்சு. கருகின மோட்டாருக்குக் காயில், அதான் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுகிற நம்ம கடை வாசல்வரை பம்புசெட் மோட்டார்கள் கிடக்கின்றன.

தங்கச்சி மகளும் அவள் கூட்டாளிகளும் பர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரோபோ போட்டிக்குத் தயாராகிறார்கள். போன வாரம் ரோபோவின் கை பாரத்தைத் தூக்க முடியாமல் முக்கி நின்றுவிட்டது. மோட்டாரைத் தொட்டால் சுடுகிறது. வார்னிஷ் கருகும் வாடை. அது நமக்குத் தெரியாதா? "உள்ள சுத்துற ஆர்மேச்சரைக் கழத்திக் குடு, காயிலை மாத்திக் கட்டித் தாரேன், இழுவை கூடும்" என்றேன். அவள் மோட்டாரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "உள்ள கை வைக்கப்படாது மாமா. போட்டிக்கு முந்தின ஆய்வுல ரோபோவையே நிறுத்திருவாங்க."

போட்டி விதியில் அனுமதித்த பட்டியலில் உள்ள மோட்டார்தான் போடணுமாம், அதிலும் 8-க்கு மேல் கூடாது. 12 வோல்ட் பேட்டரி ஒன்றே ஒன்று. அதிலுள்ள 20 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டுப் பெரிசு போடவும் வழியில்லை. முப்பது வருஷமாகக் காயில் கட்டுகிறவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? ரெண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த ரக மோட்டார் பாரமில்லாமல் தனியாக நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடும். 20 சுற்றை 1 சுற்றாகக் குறைக்கிற 20-க்கு 1 கியரில் 300. அதை 40-க்கு 1 ஆக்கி 150-க்குக் கொண்டுவந்தாள். வேகம் குறைந்தது, இழுவை கூடியது. கை மெதுவாக, நடுங்காமல் மேலே போனது. நான் கம்பியில் தேடிய இழுவையை அவள் பல்சக்கரத்தில் எடுத்துவிட்டாள் மாப்ள! இந்த விதி இல்லையென்றால் காயில் கட்டுகிற மாமன் இருக்கிற பிள்ளைதான் ஜெயிக்கும். விதி சரிதான்.

ஆனால் அந்தப் பட்டியல் மோட்டார்கள் கடல் தாண்டி வருகின்றன. ஒன்று கருகினால் பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். பழைய வண்டிச் சாமான் கடையில் வைப்பர் மோட்டார் சும்மா கிடக்க, அதைத் தொடக்கூடாது. கல்லூரிப் பிள்ளைகளின் ரோபோகான் என்ற ரோபோ போட்டியில் பேட்டரி 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பார்கள். மோட்டார் உன் இஷ்டம். பள்ளிக்கூடப் பட்டியலிலும் நம்ம ஊரில் கிடைக்கிற மோட்டார் ஒன்றிரண்டு சேரணும். முக்குடல் மாதிரி சின்ன ஊரிலிருந்து ஒரு பிள்ளை வந்தாலும் வாங்கிப் போட முடியணும்.

முதலில் சூடாகிக் கருகிப்போன அந்த மோட்டார் இனிக் களத்துக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துக் கட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். நீ கோயம்புத்தூரிலிருந்து வரும்போது மெல்லிசுக் கம்பி கால் கிலோ வாங்கி வா. என்னிடம் பம்புசெட்டுக்கான கனத்த கம்பிதான் இருக்கிறது.

உன் பழைய கூட்டாளி