உவர்மலைத் தம்பிக்கு, அந்த ஈயக்கல்லைப் பற்றி

அன்புள்ள தம்பி,

மாமா அரிசோனாவிலிருந்து கொண்டுவந்த கல்லின் படங்கள் கிடைத்தன. சீட்டில் ரெட் கிளவுட் சுரங்கம் என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கும் ஈயத்துக்குமாகத் தோண்டிய பாலைவனச் சுரங்கம் அது. உலோகத் தோண்டல் எப்போதோ நின்றுவிட்டது; இன்று அதன் பேர் நிற்பது வுல்பினைற் என்னும் ஈயக் கனிமத்தின் செம்மஞ்சள் படிகங்களால்தான். 1938இல் கனிமம் சேகரிப்பவரான எட் ஓவர் எடுத்த படிகங்களுக்கு இன்றைக்கும் தனி மதிப்பு.

தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்துக் கழுவலாமா என்று கேட்டிருந்தீர். வேண்டவே வேண்டாம். படத்தில் கண்ணாடிபோல் மினுங்கும் வெள்ளைப் படிகம் செருசைற் மாதிரித் தெரிகிறது. அது ஈயக் காபனேற்று. புளி அதை அரிக்கும், ஈயம் சாற்றில் இறங்கும். சுடுதண்ணீரும் கூடாது, சூடு பட்டால் செருசைற் வெடித்துவிடும்.

அந்த வெள்ளைப் படிகம் உண்டானதே பாலைவனத்தால்தான். ஆழத்தில் இருந்தது கலீனா, அதாவது ஈய சல்பைட்டு. மழை குறைவு, நிலத்தடி நீர்மட்டம் வெகு கீழே. அதனால் காற்று பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாகப் போகிறது. கலீனா முதலில் சல்பேற்றாகிறது (அங்கிளிசைற்), பிறகு காபனேற்றாகிறது. கலீனாவுக்குள் ஒளிந்திருந்த வெள்ளி வெளியே வந்து, உவர்த்தண்ணீரின் குளோரைட்டோடு சேர்ந்து கொம்பு வெள்ளியாகப் படிகிறது. கத்தியால் மெழுகுபோல் வெட்டலாம். ஈயத்தோடு மொலிப்டினம் சேர்ந்த இடத்தில் வுல்பினைற். நம் புல்மோட்டைக் கறுப்பு மணலின் கதை வேறு: அதிலுள்ள இல்மனைற் என்னும் பாரமான கனிமம் எளிதில் கரையாது, கடல் அதைப் பாரத்தால் பிரித்துக் குவித்துவிட்டது.

இனிக் கல்லை அடையாளம் காண்போம். மெல்லிய வுல்பினைற் தகடு இல்லாத துண்டாக எடும். முதலில் உலர்ந்த நிறை. பிறகு டிஜிற்றல் தராசில் தண்ணீர்க் கிளாசை வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி முழுக்க அமிழ்த்தும். அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்ரிமீற்றர். 190 கிராம் கல்லுக்கு 26 காட்டினால், 190ஐ 26ஆல் வகுக்க அடர்த்தி 7.3, கலீனாவுக்குக் கிட்ட. சுத்தக் கலீனா 7.4 முதல் 7.6, செருசைற் 6.5, பேரைற் (பேரியம் சல்பேற்று) 4.5, படிகக்கல் 2.65. குமிழி ஒட்டியிருந்தால் தராசின் எண் ஏறி அடர்த்தி இறங்கும், குமிழியைத் தட்டி விடும். படிகக்கல்லும் சேர்ந்த கலீனாத் துண்டு 4.5 காட்டி பேரைற் என்று ஏமாற்றலாம். அப்போது உடைந்த முகத்தைப் பாரும், கலீனா சாம்பல் நிறத்தில் சதுரப் படிகளாக உடையும். வுல்பினைற்றும் செருசைற்றும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்றே. மெல்லிய சதுரத் தகடுகள் என்றால் வுல்பினைற்.

அந்தக் கிளாசைத் திரும்பக் குடிக்கப் பாவிக்க வேண்டாம். கல்லைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவும். அரமும் உலர்ந்த தூரிகையும் தொடவே வேண்டாம், ஈயத் தூள் பறக்கும். தூசி போக்க, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த மென்தூரிகை போதும்.

கடற்காற்றுதான் எனக்குக் கவலை. கல்லில் பைரைற் (இரும்பு சல்பைட்டு) இருந்தால் ஈரத்தில் வெள்ளை மஞ்சள் பொடி கிளம்பி அமிலம் கசியும். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு, வெயில் படாமல் வையும். சீட்டையும் அதே பெட்டிக்குள், தனி உறையில்.

அன்புடன்,
அண்ணா