பிணி என்பது கட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையொன்று, மனிதனைப் பிணமாக்குவதால் நோய்க்குப் 'பிணி' என்று பெயர் வந்ததாகக் கூறியிருந்தது. இவ்விளக்கத்துக்கு ஒலியொப்புமையைத் தவிர வேறு சான்று காட்டப்படவில்லை. ஒலி மட்டுமே போதுமென்றால், வடசொல்லான 'கர்ப்பிணி'க்குள்ளும் ஒரு பிணியைக் கண்டெடுத்துவிடலாம்.

பிணித்தல் என்றால் கட்டுதல். பிணைத்தல், மாலையைக் குறிக்கும் பிணையல், நீதிமன்றச் செய்திகளில் நீங்கள் அன்றாடம் அச்சிடும் பிணை ஆகியவை எல்லாம் இச்சொல்லுக்கு உறவானவை. சங்கப் பாடல்கள் மொட்டு மலர்வதைப் 'பிணி அவிழ்தல்' என்கின்றன. அங்கே பூவுக்கு நோய் எதுவும் இல்லை, இதழ்களின் கட்டு நெகிழ்கிறது, அவ்வளவே. திருக்குறளில் 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்' (643) என்னுமிடத்தில், சொல்வன்மை கேட்பவரைக் கட்டி நிறுத்துகிறது. அதே நூல் நாட்டின் இலக்கணம் கூறும்போது 'ஓவாப் பிணியும்' (734) என்று நோயைச் சுட்டுகிறது. ஓவா என்றால் நீங்காத. கட்டு என்னும் மூலப்பொருளோடு எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் அடைமொழி அது!

'நோய்' என்னும் சொல்லின் வழி வேறு. நோதல், நோவு, நொந்து என்பவற்றோடு சேர்ந்த அச்சொல், படுபவர் உணரும் வலியிலிருந்து பிறந்தது. பிணியோ, ஆளைப் பற்றிக்கொண்டு விடாதிருக்கும் தன்மையிலிருந்து பிறந்தது. பசியைப் பசிப்பிணி என்றும், மீண்டும் மீண்டும் பிறப்பதைப் பிறவிப்பிணி என்றும் முன்னோர் சொன்னதன் பொருத்தம் இப்போது விளங்கும். பிறவியின் வலியைவிட, அதிலிருந்து விடுபட முடியாமையே அத்தொடரில் முன்நிற்கிறது.

இவ்வேறுபாட்டை எல்லா இடத்திலும் வலியுறுத்த முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளுக்கு (948) அடுத்த குறளே 'பிணியளவும்' என்று மருத்துவனுக்கு அறிவுரை கூறுவதால், அக்காலத்திலேயே இரண்டும் ஒருபொருட் சொற்களாகவும் வழங்கின என்பது தெளிவு. ஆனால் வழக்கில் பொருள் ஒன்றுபட்டதனால் பிறப்பும் ஒன்றாகிவிடாது. அக்கட்டுரை கேட்டது சொல்லின் பிறப்பை. அதற்கு விடை பிணத்தில் இல்லை, பிணிப்பில் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்