இரண்டாம் பாகத்தைப் பெரியவர்களுக்கும் தாருங்கள்

மதிப்பிற்குரிய நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். எந்த நாவலைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். போன கூட்டத்தில் அதைப் புரட்டிப் பார்த்து, பேய் வருகிறது, மந்திரம் வருகிறது, எனவே சிறுவர் நூல் என்று தீர்மானம் போட்டவர்கள் நீங்கள். அன்று அதன் முதல் பாகம் என் கையில் இருந்தது.

அதைத் திருப்பிக் கொடுத்து இரண்டாம் பாகம் கேட்டேன். சிறுவர் அலமாரிப் புத்தகத்தை 12 வயதுக்குட்பட்டவர்களின் அட்டைக்குத்தான் தர முடியும் என்றார் நூலகர் தம்பி. அவரைக் குறை சொல்லமாட்டேன், விதி உங்களுடையது. எனக்கு 58 வயது. பேரனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அவன் பெயரில் சந்தா கட்டலாமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

கதையில் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று கேளுங்கள். கடல் பின்வாங்கிப்போன ஓர் உப்பளத்து ஊர். ராத்திரியில் பாத்திகளில் உப்பு வாரும் சத்தம். விடிந்தால் குவியல் இருக்கிறது, வாரியவர் இல்லை. கங்காணியின் பழைய பேரேட்டைப் புரட்டும் பெண், செத்துப்போன தன் அம்மாவுக்கு நேற்றைய தேதியில் வருகை போட்டிருப்பதைப் பார்க்கிறாள். முதல் பாகம் அங்கே முடிகிறது. இப்படி விட்டால் மனுஷன் எப்படித் தூங்குவான்?

முதல் 100 பக்கம் கதை நகரவில்லை என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். நகரவில்லைதான். கொடியில் சேலை விறைத்துக் காய்கிறது, ஈரத்தில் விளக்குத்திரி பொரிகிறது, அந்தத் தெருவில் யாரும் கதவைத் தாழிடுவதில்லை. பயம் அங்கேதான் ஊறுகிறது. ஊர்ப்பெரியவர் வாயைத் திறந்தால் மட்டும் நாடக வாடை அடிக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மும்பையின் முலுண்டிலிருந்து தினமும் பாண்டுப், காஞ்சுர்மார்க் உப்பளங்களைத் தாண்டி வேலைக்குப் போகிற எனக்கு, அவை இத்தனை வருஷம் வெறும் சேற்றுவெளி. இப்போது பேருந்தில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு முண்டியடிக்கிறேன்.

பேய் வந்தால் சிறுவர் நூல் என்றால், உங்கள் கண்ணாடி அலமாரியில் 1898இல் உ.வே.சா. பதிப்பித்த மணிமேகலை இருக்கிறதே, அதை என்ன செய்யப்போகிறீர்கள்? புகாரின் சுடுகாட்டுப் பக்கம் தனியே போன சார்ங்கலன் என்ற பையன், பிணத்தலையை ஏந்தி ஆடும் பேயைப் பார்த்து, ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தூணிலிருக்கும் பாவை பேசுகிறது. வானத்தில் தூக்கிச் செல்லப்பட்டவள் தீவில் கண்விழிக்கிறாள். ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றையும் பொம்மைப் புத்தகங்களோடு அடுக்கிவிடலாமே.

சிறுவர் அலமாரியிலிருந்து இரண்டு பாகத் தமிழ் நாவலை எடுத்துப் படிக்கப்போகும் பிள்ளை யார்? நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் மராத்தியும் இந்தியும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், தமிழ் என்றால் நம்மை வாசிக்கச் சொல்வார்கள். ஆண்டுவிழாவில் தமிழ் வாழ்க என்று தொண்டை கிழிய முழங்குகிறோம். பொன்னாடைக்குப் பணம் இருக்கிறது, பட்டிமன்ற நடுவருக்கு விமானச் சீட்டு இருக்கிறது. புது நாவல் வாங்கச் சொன்னால் மட்டும் அடுத்த நிதியாண்டு. வாங்கிய ஒன்றையும் படிக்க ஆளில்லாத இடத்தில் கொண்டுபோய்...

மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நாவலைப் பழையபடி நாவல் வரிசையில் வையுங்கள். தீர்மானத்தை மாற்ற அடுத்த கூட்டம் வரை ஆகும் என்றால், அதுவரை இரண்டாம் பாகத்தைப் பெரியவர் அட்டைக்கும் தரச் சொல்லி நூலகருக்கு ஒரு வரி எழுதிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பயந்துவிடுவேன் என்று கவலை இருந்தால், உங்களில் ஒருவர் துணைக்கு உட்காரலாம்.

பணிவுடன்,
முலுண்ட் வாசகன்