சம்பளச் சிலிப்பை மட்டும் பார்க்காதீர்கள்
மலேசியச் சுகாதார அமைச்சுக்கும் நிதி அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் தம்பியின் கால் புண்ணைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போதுதான் மனம் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

2024 தைப்பூசம் ஜனவரி 25ஆம் தேதி வந்தது. தம்பி வழக்கம்போல் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தான். தார் ரோடு அன்று கொதித்தது. சாயங்காலம் சிரித்த முகத்தோடுதான் வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலையில் அவன் குளித்துவிட்டு நடந்துபோன தரையில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. ஒரு காலின் தடம் மட்டும் சிவப்பாக இருந்ததைப் பார்த்தவள் அவன் மனைவி. உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்து உடைந்து, தோல் தொங்கியிருக்கிறது. அவனுக்கு வலியே இல்லை. வலி இல்லாததை முருகன் அருள் என்று நினைத்துவிட்டான்.

மஞ்சள் வைத்துக் கட்டினான், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டான். காலுறை புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி வேலை முடிந்து வந்ததும் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, காலுறையோடு காலை உள்ளே வைத்து, அது ஊறிக் கழன்று வரும்வரை உட்கார்ந்திருப்பான். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு நாள் நாற்றம் தாங்காமல் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "எத்தனை வருஷமாக இனிப்பு நீர்?" என்று டாக்டர் கேட்டார். நீரிழிவைத்தான் அப்படிச் சொன்னார். "எனக்கு இனிப்பு நீர் இல்லையே டாக்டர்" என்றான். வலி தெரியாமல் போனதும் அந்த நோயால்தான், அது காலை மரத்துப்போகச் செய்துவிடும். கால் விரல்களில் இரண்டை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர்களும் தாதிகளும் நன்றாகவே பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்). அரசு கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கும் நாட்டில் பிறந்ததற்கு நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். அந்த 1 வெள்ளியில் தம்பி ஏன் முன்பே போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் நான் உங்கள் முன் வைக்கும் விஷயம்.

அவன் பிறை தொழிற்பேட்டையில் குத்தகைக்காரரிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி. ஓவர்டைமும் வருகை அலவன்ஸும் சேர்த்தால் 3,400 வரும். கிளினிக்குக்குப் போனால் அரை நாள் போய்விடும். புண்ணுக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கிடைக்கலாம். ரத்தம் சோதிக்கவும் மருந்து வாங்கவும் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வந்துபோன நேரத்தை மட்டும் எழுதிய டைம் ஸ்லிப்தான் கொடுப்பார்கள். அவன் வேலையிடத்தில் அந்தச் சிலிப்புக்கு மதிப்பில்லை, அந்த மாத வருகை அலவன்ஸ் போய்விடும். எம்சி எடுத்தாலும் அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் பாதுகாப்பு. ஓவர்டைமும் அலவன்ஸும் சேர்ந்ததுதான் அவர்கள் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பஸ் காசும். ஆக அந்த 1 வெள்ளிக்குப் பின்னால் இருநூறு முந்நூறு வெள்ளி ஒளிந்திருந்தது. வங்கியில் ஐயாயிரம் வெள்ளி இருக்கிற மனிதனுக்கு இருநூறு போனால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாதவனுக்கு அது அடுத்த வாரத்துச் சாப்பாடு.

'பெக்கா பி40' என்று நீங்கள் 2019இல் தொடங்கிய திட்டம் உண்மையிலேயே நல்ல திட்டம். 40 வயது தாண்டியவர்கள் பதிவுபெற்ற தனியார் கிளினிக்கில் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட கிளினிக்குகள் ராத்திரியிலும் திறந்திருக்கும். வேலை முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். என் தம்பி போன்றவர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் அது எஸ்டிஆர் என்ற அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு மட்டும். குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். தம்பி மனைவி கேன்டீனில் சமைத்து 2,000 கொண்டுவருகிறாள். இரண்டும் சேர்ந்து 5,400.

2022 கணக்கெடுப்பில் நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 6,338 வெள்ளி. அதாவது நாட்டின் பாதிக் குடும்பங்களுக்கும் கீழே இருக்கிற வீடு இது. ஆனாலும் உங்கள் கணக்கில் உதவி தேவைப்படாத வீடு.

அந்த வீட்டுக்குள் வந்து பாருங்கள். சொந்த வீடு கிடையாது, வாடகை ஃபிளாட். மூன்று பிள்ளைகள். சேமிப்பு கிடையாது. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கோவிட் காலத்தில் எடுத்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் மட்டுமா? 2020 முதல் 2022 வரை நாலு திட்டங்களில் 80 லட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்கள் 145 பில்லியன் வெள்ளியை வெளியே எடுத்தார்கள். வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். மனைவியின் கழுத்தில் ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியும் இப்போது அடகுக் கடையில் இருக்கிறது.

இது எங்கிருந்து வந்த நிலைமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா தென் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தார். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். உடம்புக்கு முடியாமல் போனால் தோட்டத்து டிரசர் மருந்து கொடுப்பார். குறைவில்லாமல்தான் இருந்தோம். வேலை நின்ற அன்று வீடும் போனது, டிரசரும் போனார். முப்பது வருஷம் உழைத்த மனிதர் ஒரு ஜன்னல் கதவைக்கூட பிள்ளைகளுக்கு விட்டுப்போக முடியவில்லை. சம்பளம் இருந்தது, சொத்து சேரவில்லை. எங்கள் சனத்தில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். அந்தத் தோட்டம் இருந்த பக்கம் இப்போது புதிய வீடுகளும் கடைத்தொகுதிகளும் வந்துவிட்டன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளான எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசாங்க உத்தியோகம் என்பதால் எனக்கு மருத்துவச் சலுகை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அம்மா கடைசி மூன்று வருஷம் படுக்கையில் இருந்தபோது என் பெயரில்தான் அவரைப் பார்த்தோம். என் வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. எனக்கும் இனிப்பு நீர் இருக்கிறது. ஆனால் அதை 48 வயதிலேயே கண்டுபிடித்தார்கள். நான் பள்ளியில் லீவு சொல்லிவிட்டுப் போய்ச் சோதித்தேன், சம்பளம் ஒரு காசு குறையவில்லை. எனக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன. ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் அமைச்சின் 2019 ஆய்வு என்ன சொல்கிறது? பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 சதவீதம். நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தம்பி அந்தப் பாதியில் ஒருவன். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேல் நீரிழிவால் வருகிறவர்கள். 40 வயதில் ஒரு துளி ரத்தத்தைப் பார்க்காமல் விட்டு, பிறகு வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் படுக்கவைக்கும் செலவை நிதி அமைச்சு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வேல்ஸ் நாட்டில் ஒரு சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971இலேயே எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று. அங்கே வைத்தியம் இலவசம். இலவசமாக இருந்தும் அப்படித்தான் இருந்தது. ஐம்பது வருஷம் கழித்துப் பிறையில் என் கண் முன்னால் அதையே பார்த்தேன்.

சரி, சம்பளத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். இந்தியாவின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் செல்வநிலையைச் சம்பளத்தை வைத்துப் பிரிப்பதில்லை. தரை என்ன, கூரை என்ன, குளிர்பெட்டி இருக்கிறதா, மோட்டார் சைக்கிள் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டு, அதை வைத்துக் குடும்பங்களை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை, இங்கே ஃபிளாட்டிலும் குளிர்பெட்டி இருக்கும். ஆனால் வாடகை, கடன், வீட்டில் சாப்பிடும் வாய்கள், கையில் இருக்கும் சேமிப்பு, இவற்றை உங்களால் கேட்க முடியும். 2024இல் 'பாடு' என்று ஒரு பெரிய தரவுத்தளமே திறந்தீர்கள். நாங்களும் வரிசையாக விவரம் கொடுத்தோம். அதை இதற்குப் பயன்படுத்துங்கள்.

என் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இரண்டு வீடு, கடன் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். அவர் பெயரில் வருமானம் இல்லாததால் எஸ்டிஆர் கிடைக்கிறது, பரிசோதனையும் முடித்துவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வயதானவர், நன்றாக இருக்கட்டும். அவருக்குத் திறந்த கதவு என் தம்பிக்கும் திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பரிசோதனைக்கு வருமான வரம்பே வேண்டாம் என்பேன். 40 வயதான எல்லாருக்கும் வீட்டுப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில், வேலை முடிந்த நேரத்தில் அது கிடைக்கட்டும். அதற்குப் பணம் போதாதென்றால் வரம்பைச் சொத்தோடு சேர்த்துப் பாருங்கள். மாலை நேரச் சேவை இருக்கும் அரசு கிளினிக்குகளைத் தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில் கூட்டுங்கள். நீண்டகால நோய்க்காரர்கள் கொண்டுவரும் டைம் ஸ்லிப்புக்கு அலவன்ஸை வெட்டக்கூடாது என்று மனிதவள அமைச்சிடம் பேசுங்கள். இது அவர்கள் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தச் சிலிப்பைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது உங்கள் டாக்டர்கள்தான்.

தம்பியால் இப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது. ஸ்டோரில் உட்காரவைத்திருக்கிறார்கள், ஓவர்டைம் இல்லை. குடும்ப வருமானம் 4,100க்கு இறங்கிவிட்டது. அதனால் எஸ்டிஆர் கிடைக்கிறது. போன மாதம் பெக்கா பி40 பரிசோதனைக்குத் தகுதி பெற்றுவிட்டான் என்று தெரியவந்தது. போனில் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினான். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைக்குப் போவேன் என்கிறான், சப்பாத்து போட்டுக்கொண்டு. நான் கூடப் போவேன். வழி நெடுக மோர்ப்பந்தலும் அன்னதானப் பந்தலும் இருக்கும். பால்குடம் தூக்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தார் சுடுவது தெரியவில்லையோ! அந்தப் பந்தல்களுக்கு நடுவில் உங்கள் மேசைகளையும் போடுங்கள். நடக்கத் தொடங்கும் இடத்திலேயே விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துப் பாருங்கள், உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். அடையாள அட்டையை மட்டும் கேளுங்கள். சம்பளச் சிலிப்பைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.