கக்கனை மருத்துவமனைக் கட்டிலோடு நிறுத்திவிடாதீர்கள்

மாநிலப் பாடநூல் உருவாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

மேலூர் வட்டாரத்தில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கக்கனைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். அவர் பிறந்த தும்பைப்பட்டியிலிருந்து வந்த பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். எல்லாத் தாள்களிலும் ஒரே காட்சிதான்: மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் முன்னாள் அமைச்சர் படுத்திருக்க, வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு கலங்குகிறார். ஒரு மாணவி அந்தக் கட்டிலைப் படமாகவே வரைந்திருந்தாள். அவர் எந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தார் என்று கேட்டபோது வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகள்மேல் குறையில்லை, பெரியவர்களாகிய நாம் மேடைதோறும் சொன்னது அதைத்தான். அந்த நிகழ்வை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆயினும் பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த ஒருவரை அவர் பட்ட வறுமைக்காக மட்டுமே போற்றுவது, அதிலும் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்து வந்த ஒருவரை அவ்வாறு போற்றுவது, அவர் செய்த வேலையை மறைத்துவிடுகிறது.

1939 ஜூலை 8 அன்று கோயில் நுழைவை முன்னின்று நடத்திய காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத அய்யருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்ற சிலரில் கக்கனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 31. அவருடைய தந்தை ஊர்க்கோயில் பூசாரி. மகனுக்கோ மதுரைக் கோயில் வாசல் அதுவரை அடைத்தே கிடந்தது. உள்ளே சென்றவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அதற்குப் பிறகே வந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான், அன்று அவர்கள் எடுத்து வைத்த அடியின் துணிச்சல் பிள்ளைகளுக்குப் புரியும்.

1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்றவர், பின்பு அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 1952இல் மக்களவைக்குச் சென்றார். 1957இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றார். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது அத்துறையின் அமைச்சர் அவர்தான். பின்னர் வேளாண்மையையும் உள்துறையையும் கவனித்தார்.

உள்துறை என்றதும் 1965ஐத் தவிர்க்க முடியாது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்த நாட்களில் காவல்துறை அவருடைய பொறுப்பில் இருந்தது. 1967 தேர்தலில் அவரும் தோற்றார். அவரை நேசிப்பவன் என்ற முறையிலேயே கேட்கிறேன், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். குறையே இல்லாதவராகக் காட்டினால் மாணவர்கள் அவரை வணங்குவார்களே தவிர, அவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே உயர்நிலை வகுப்பொன்றில் அவருக்கெனத் தனிப்பாடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அமைச்சராக அவர் அளித்த பதில்கள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் பாடத்தில் சேருங்கள். மருத்துவமனை நிகழ்வு கடைசிப் பத்தியில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்