31 வரி

மண்டபம்
ஞாயிறு ராத்திரி

மாப்ள,

ஆறு மாசமா ஒரு வரி எழுதலைன்னு கோவமா இருப்பே. இருந்துக்கோ. வீட்ல எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை. பாம்பன்ல புதுப்பாலம் 2025 ஏப்ரல்லயே திறந்தாச்சு, நீ இன்னும் ஒரு தடவைகூட அதுல ரயிலேறி வரலை. அதுக்குத் தனியாத் திட்டிக்கிறேன். இப்ப விஷயம் வேற. 2008ல காலேஜ் லீவுல எங்க மீன் கம்பெனிக்கு நீ எழுதிக் குடுத்தியே கணக்கு சாஃப்ட்வேர், அது போன ஞாயிறு விடியக்காலை விழுந்துருச்சு.

பனிக்காலம்னா இங்க தெரியும்ல. இன்சுலேட்டர்ல உப்பு அப்பிக் கிடக்கும், அது மேல பனி இறங்குனா பொறி பறக்கும். நாலு மணிக்குக் கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரியை மாத்துங்கன்னு முதலாளிகிட்ட ரெண்டு வருஷமாச் சொல்லிட்டு இருந்தேன். ஒரு நிமிஷம்கூட நிக்கலை. சனிக்கிழமை போன போட்டெல்லாம் கரைக்கு வர்ற நேரம், ஏல மேடையில தராசு தயார். சிஸ்டத்தைத் திறந்தா, பற்று வரவு டேபிள் கிராஷ் ஆயிருச்சு, ரிப்பேர் பண்ணுன்னு கணக்கையெல்லாம் வெச்சிருக்கிற மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சொல்லுது.

டேபிளை டிஸ்க்ல எழுதிப் படிக்கிற எஞ்சின் அதுல ரெண்டு வகை இருக்குல்ல. 2016ல நான் சேர்த்த ஐஸ், டீசல் டேபிளெல்லாம் இன்னோடிபி எஞ்சின். அது மாத்துறதை முதல்ல லாக்னு தனிக் குறிப்புல எழுதிக்கும். திரும்ப எந்திரிச்சதும் அந்த லாக்கைப் படிச்சுத் தானே சரியாயிருச்சு. உன்னோட டேபிள் பூரா பழைய எஞ்சின், மைஐசாம். அன்னைக்கு அதுதான் வழக்கம், மைஎஸ்கியூஎல் 5.5 வந்த பிறகுதான் மாறுச்சு, உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா அதுக்கு லாக்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பாதி எழுதுறப்போ கரண்ட் போனா பாதியோட நிக்கும்.

"ரிப்பேர்னு ஒரு கமாண்டு இருக்காம்ல, அடி தம்பி"ன்னு முதலாளி பின்னாடியே நிக்கிறாரு. நான் அடிக்கலை. மைஎஸ்கியூஎல்லை நிறுத்தி, டேட்டா ஃபோல்டரை அப்படியே வேற டிஸ்க்ல காப்பி எடுத்த பிறகுதான் கை வெச்சேன். ரிப்பேர் ஓடுறப்போ இன்னொரு தடவை கரண்ட் போனா இருக்கிறதும் போயிரும்னு ஐஸ் கம்பெனி அண்ணன்கிட்ட ஜெனரேட்டர் கேட்டு வாங்கினேன். அன்னைக்கு ஏலம் முழுக்க நோட்டுலதான் நடந்துச்சு.

ரிப்பேர் முடிஞ்சு கடைசி வரியில ஓகேன்னு வந்துச்சு. பில்லும் வந்துச்சு. முதலாளி டீ வாங்கியாரச் சொல்லிட்டாரு. ஆனா அந்த ஓகேக்கு மேல ஒரு வரி இருந்துச்சு மாப்ள: வரிகளோட எண்ணிக்கை 41218லேர்ந்து 41187 ஆயிருச்சுன்னு. 31 வரி. வரியைத் தேடி எடுக்கிற இண்டெக்ஸ் மட்டும் கெட்டிருந்தா டேட்டாவைப் பார்த்துத் திரும்பக் கட்டிரும். டேட்டாவே உடைஞ்சிருந்தா, படிக்க முடியாத வரியைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை ஓகேங்கும். அந்த ஓகேயை எப்படி நம்புறது?

அந்த டேபிள்ல ஒரு வரின்னா என்னன்னு உனக்குத் தெரியும். போட்டு வெச்சிருக்கிற ஒரு சம்மாட்டி வாங்குன அட்வான்ஸ், இல்லைன்னா யாரோ கட்டுன கடன். கடன் கட்டுனதா எழுதுன வரி போச்சுன்னா கட்டுனவங்க திரும்பக் கடன்காரங்க. ராத்திரி தூக்கமே வரலை.

பன்னெண்டு நாள் பழைய பேக்கப் ஒண்ணு இருந்துச்சு. அதை வேற பேர்ல ஏத்தி, சிட்டை நம்பர் எங்கெங்க விடுபட்டிருக்குன்னு ஒண்ணொண்ணாப் பார்த்தேன். நாலு அதுல கிடைச்சுச்சு. மிச்சம் 27ம் அந்தப் பன்னெண்டு நாளுக்குள்ள. அதுக்குக் கார்பன் சிட்டைதான் கதி. பிஸ்கட் டின்னைக் கவுத்துக் கொட்டி மூணு ராத்திரி உக்காந்தேன். எல்லாம் மீன்தண்ணி பட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு, செதில் காஞ்சு மேல அப்பியிருக்கு.

26 சரியா வந்துருச்சு. ஒண்ணு மட்டும், கணவாய் விக்கிற நம்ம பெரியம்மா பேர்ல வரவு. தொகையில முதல் எண் மூணா எட்டான்னு தெரியலை, நீலம் ஊறிப் போயிருக்கு. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிறேன், மூணாயிரமும் ஆகுது எட்டாயிரமும் ஆகுது. நேரா அவங்ககிட்டயே போய்க் கேட்டேன். "எட்டாயிரம்யா. பேத்தி தோட்டை வெச்சுல்ல குடுத்தேன்"னு சொல்லிட்டு உள்ள போய் அடகுச் சீட்டை எடுத்தாந்து நீட்டுனாங்க. அதே தேதி. நான் எதுவும் விளக்கலை, அவங்களும் எதுக்குன்னு கேக்கலை. சைக்கிளை மிதிச்சு வந்து எட்டாயிரம்னு ஏத்திட்டுத்தான் சாப்பிட்டேன்.

இப்ப எல்லா டேபிளையும் இன்னோடிபிக்கு மாத்திட்டேன். தினம் ராத்திரி முழு டேட்டாவையும் டம்ப் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போறேன். பேட்டரியும் வந்துருச்சு.

உனக்கு எழுதுனது இதுக்குத்தான்: தொண்டியில உன் மாமா கடையில ஓடுறதும் அதே சாஃப்ட்வேர், அதே 2008 டேபிள். ஒவ்வொண்ணும் எந்த எஞ்சின்னு பாரு, உடைஞ்சிருக்கான்னு பார்க்க செக் டேபிள் கமாண்டை ஓட்டு, காப்பி எடுத்துட்டு மாத்து. பழைய கார்பன் சிட்டை ஒண்ணையும் எரிக்க வேணாம்னு மாமாகிட்டச் சொல்லு. நீ வர நாளாகும்னா நான் சனிக்கிழமை பஸ்ஸேறிப் போயிட்டு வர்றேன். அதுக்குள்ள ஏதாவது ஆனா, யாரும் ரிப்பேர் அடிக்கக் கூடாது. முதல்ல எனக்குப் போன் போடச் சொல்லு.

மாப்ள