மன்றோ ஒருவர் அல்ல

கோத்தகிரி

அன்புள்ள மணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை விடவில்லை. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். உன் மலைப் புத்தகத்தின் கைப்பிரதியை அச்சகத்துக்குக் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் இன்றே போய் நிறுத்தச் சொல்.

அதில் உன் ‘மன்றோ துரை’ 1764-இல் பீகாரில் பக்சாரில் போர் நடத்துகிறார். 1812-இல் திருவிதாங்கூரில் திவானாக இருக்கிறார். 1826-இல் ஊட்டிக்கு வருகிறார். 1877-இல் மூணாறு காட்டை வாங்குகிறார். பக்சாரில் அவருக்கு இருபது வயது என்றே வைத்தாலும் மூணாறில் 133 வயது! கூட்டிப் பார்க்க வேண்டாமா? கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் உன் காது என்ன பாடு பட்டிருக்கும்!

இது ஒரு ஆள் இல்லையடா, நான்கு பேர்.

பக்சார்க்காரர் ஹெக்டர் மன்றோ. 1778-இல் புதுச்சேரியைப் பிடித்தவரும் அவரே. 1780-இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் போய்ச் சேராதவரும் அவரே. பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஸ்காட்லாந்தில் தன் ஊருக்குப் பக்கத்தில் ஃபைரிஷ் குன்றின் மேல் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலைப் போலவே ஒரு கல் வளைவு கட்டிவைத்தார், இன்றும் நிற்கிறது. 1782-இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். நீலகிரிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உனக்கு வேண்டியவர் தாமஸ் மன்றோ. 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், 1780-இல் சாதாரணப் படைப் பயிற்சி மாணவராகச் சென்னையில் வந்து இறங்கினார். அதே ஆண்டு ஹைதரை எதிர்த்துப் போன படையில் ஹெக்டர் தளபதி, தாமஸ் கடைநிலை இளைஞர். ஒரே போரில் இரண்டு மன்றோ என்பதால்தான் நீ ‘தம்பி தாமஸ்’ என்று எழுதிவிட்டாய். தம்பி இல்லை. ஹெக்டர் ஸ்காட்லாந்தின் வடக்கே ராஸ் சீமையின் நோவார்க்காரர், தாமஸ் கிளாஸ்கோ வணிகர் வீட்டுப் பிள்ளை. குலப்பெயர் ஒன்று என்பதால் ஒரே வீடு ஆகிவிடாது.

சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலில் நிலத்தை அளந்து, உழுபவன் பேரிலேயே பட்டா என்ற ரயத்வாரி முறையை ஊன்றியவர் தாமஸ். 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னர். 1826-இல் ஊட்டிக்கு வந்து கோவை கலெக்டர் சல்லிவனிடம் தங்கினார். அடுத்த ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி ஆந்திரப் பக்கத்துப் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். மக்கள் அவரை நேசித்தார்கள் என்பதை நீ ஒரு வரியில் முடித்திருக்கிறாய், அது எனக்கு மனசே ஆறவில்லை. ராயலசீமைப் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள், மணி. ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு அது எத்தனை பெரிய விஷயம்! ஒரு முழுப் பக்கம் எழுது.

திவான், ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூர், கொச்சி ரெசிடென்ட், அதாவது அந்த அரசுகளில் கம்பெனியின் பிரதிநிதி. நடுவில் 1811 முதல் 1814 வரை திவான். கொல்லம் பக்கத்து மன்றோத்துருத்து அவர் பெயரில்தான்.

உன் பழனி மலைக்கு அடுத்த மூணாறைப் பூஞ்சார் அரசரிடம் வாங்கியவர் ஜான் டேனியல் மன்றோ. திவான் ஜான் 1858-லேயே இறந்துவிட்டார். நீ ‘டேனியல்’ என்பதை வெட்டியதால் செத்தவர் எழுந்து வந்து காடு வாங்குகிறார்.

இனி ஒவ்வொரு குறிப்பையும் எப்படிப் பிரிப்பது என்று கேள். ஒரு குறிப்புக்கு ஒரு அட்டை. அதில் முதற்பெயர், ஆண்டு, ஊர், பதவி, எந்தப் படை என்று ஐந்தும் வேண்டும். முதற்பெயர் இல்லாவிட்டால் ஆண்டையும் ஊரையும் வைத்து முடிவு செய். பதவியை மட்டும் ஒருபோதும் நம்பாதே, அது ஏறிக்கொண்டே போகும். ‘சர்’ பட்டம் 1779-க்கும் 1782-க்கும் நடுவில் வந்தால் ஹெக்டர், 1819-க்குப் பிறகு சென்னையில் என்றால் தாமஸ். இதில் மோசமான இடம் 1814 முதல் 1819 வரை. அப்போது ‘கர்னல் மன்றோ’ இரண்டு பேர். திருவனந்தபுரம், கொச்சி என்று இருந்தால் ஜான். சென்னை, தார்வார் என்றால் தாமஸ். ஊர்ப் பெயரும் இல்லையா, அந்த அட்டையைத் தனியே வை. ஊகித்து எதையும் சேர்க்காதே.

மூங்கிலைப் பற்றிய பகுதியில் தாவரப் பெயருக்குப் பின்னால் வரும் ‘மன்றோ’வையும் கவர்னர் என்று நினைத்துவிட்டாய். அவர் வில்லியம் மன்றோ, ராணுவ அதிகாரி. மூங்கில் இனங்களை வகைப்படுத்தி 1868-இல் வெளியிட்டவர். தாவரப் பெயரின் வாலில் ஒட்டி நிற்பது அந்தப் பெயரை முறைப்படி வெளியிட்டவருடையது.

மலையேறும் உன் மருமகனிடம் இதையும் சொல். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட சிகரத்துக்கே மன்றோ என்றுதான் பெயர். 1891-இல் பட்டியல் போட்ட சர் ஹ்யூ மன்றோவால் வந்தது. அவற்றில் உயரமான பென் நெவிஸே 1345 மீட்டர்தான், நம் குன்னூர் கடைவீதி அதைவிட மேலே இருக்கிறது. 2013-இல் நோபல் பரிசு வாங்கிய ஆலிஸ் மன்றோவை இந்த வம்சத்தில் சேர்க்காதே, அது அவர் கணவர் வழி வந்த பெயர்.

சல்லிவனையும் ஒரு தடவை பார்த்துவிடு. 1780-களில் தஞ்சையில் ரெசிடென்டாக இருந்து, பாதிரியார் ஷ்வார்ட்சோடு சேர்ந்து ஆங்கிலப் பள்ளிகளுக்கு முயன்ற ஜான் சல்லிவன் வேறு. 1788-இல் பிறந்து கோவை கலெக்டராகி, ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவன் வேறு. இங்கே முதற்பெயரும் ஒன்று, ஆண்டு ஒன்றுதான் துணை.

சென்னைத் தீவுத்திடல் சிலைப் படத்துக்குக் கீழே ‘ஹெக்டர்’ என்று இருப்பதை முதலில் அடி. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் தாமஸ். சிற்பி சான்ட்ரி செய்த சிலை, 1839-இல் நிறுவியது.

அக்காவுக்கு என் வணக்கம் சொல். திருத்திய பக்கங்களில் மூணாறு அத்தியாயத்தை முதலில் அனுப்பு.

அன்புடன்,
செல்வம்